ரெக்சின் பை

இப்போதெல்லாம் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களைச் சுற்றிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். தொப்பியும் கேமராவுமாகப் பத்துப் பேர் நடக்க, முன்னால் ஒருவர் விளக்கிக்கொண்டே போவார். கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல், சர்ச், சமணக் கோயில், அம்மன் கோயில். காதில் உருது, தெலுங்கு, குஜராத்தி, தமிழ். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் தள்ளுவண்டியில் விற்கிற அத்தோ நூடுல்ஸ். எல்லோரும் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று முடிப்பார். அத்தோ எந்த வண்டியில் நன்றாக இருக்கும் என்று கேட்டால் நானே வழி சொல்வேன், இரண்டு வருஷம் அங்கே குடியிருந்தவள். ஆனால் அந்த ஒற்றுமை என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே வீடு தேடி அலைந்தவர்களை யாரும் அந்த நடைக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டர். பி.காம். முடித்ததும் எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஏற்றுமதிச் சரக்குக்குப் பேப்பர் வேலை பார்க்கிற ஆபீஸில் வேலை கிடைத்தது. என் மேஜைக்கு வந்த பேப்பரில் பாதி எங்கள் ஊர் கண்டெய்னர்கள்தான். எங்கள் ஊர் ஷூ நாலு கையெழுத்தில் கப்பலேறிவிடும். எனக்குத்தான் சென்னையில் படுக்க இடமில்லை. விடிவதற்கு முன்பே ரயிலேறி, போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ரயில் அரக்கோணத்தில் நின்றுவிட்டால் அன்றைக்குப் பேஜார்தான். அஞ்சு மாசம் பொறுத்துப் பார்த்த மேனேஜர், மாசக் கடைசிக்குள் பக்கத்தில் வீடு பார்க்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

வீடு கேட்டுப் படியேறினால் முதல் கேள்வி எந்த ஊர். ஆம்பூர் என்றதும், ஓ, பிரியாணியா என்று ஒரு சிரிப்பு. அடுத்து, அப்பா என்ன வேலை. தோல் கம்பெனி என்றால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு வீட்டில் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்றார்கள். இன்னொரு வீட்டில் நாங்கள் எங்கள் ஆட்களுக்குத்தான் விடுவோம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர்கள் எந்த ஆட்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறியது, பதில் மட்டும் மாறவில்லை. ஒரு அம்மா நான் பேசி முடிக்கும் வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆபீஸ் சீட்டிலிருந்து போனவள் நான், என் மேல் என்ன வாடை அடித்திருக்கும்? அன்றைக்கு பீச் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து என் துப்பட்டாவை நானே முகர்ந்து பார்த்தேன். அந்தக் கேவலம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் ஒரு சேட்டு வீட்டு மாடியில் அறை இருப்பது தெரிந்தது. நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிற சமணக் குடும்பம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் சேட்டும் சேட்டம்மாவும் மட்டும். கறி, மீன், முட்டை எதுவும் படியேறக் கூடாது என்றார்கள், சரி என்றேன். ஊர் வேலூர் பக்கம் என்றேன், அப்பா கம்பெனி வேலை என்றேன். இரண்டும் பொய் இல்லையே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, பார்த்துவிட்டுச் சாவி தருகிறோம் என்றார்கள். மாசம் முடிய மூன்று நாள் இருந்தது.

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குக் காரியமாகப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். மற்ற ஊரில் பழம் வாங்குவார்கள். நாங்கள் தோல் சாமான் கொண்டுபோவோம், டாக்டருக்கு பெல்ட், வாத்தியாருக்கு பர்ஸ், கல்யாண வீட்டுக்குக் கைப்பை. அதைவிட மரியாதை எங்களுக்குத் தெரியாது. அப்படித்தான் நைனா, கலர் ஒத்துவரவில்லை என்று கம்பெனியில் கழித்த தோலைக் கேட்டு வாங்கி, ஒரு தழும்புகூட இல்லாத இடமாகப் பார்த்து வெட்டி, கூட வேலை செய்கிற அக்காவிடம் கொடுத்து ஒரு கைப்பை தைத்து வைத்திருந்தார். கறுப்பில் பளபளப்பான மேல்பூச்சு. அதைத் துணிப்பையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. சைவம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். சாப்பாட்டு விஷயம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். நைனா பையை எடுத்து இரண்டு கையாலும் சேட்டம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா சந்தோஷமாக வாங்கி, திருப்பிப் பார்த்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அப்புறம் கை அப்படியே நின்றது.

"இது தோலா?"

நைனா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல ஆன்ட்டி, ரெக்சின்."

சேட்டு என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். நைனா கட்டைவிரலால் தடவியே எது ஆடு, எது மாடு, எந்த இடத்துத் தோல் என்று சொல்லுகிற மனுஷன்.

"ரெக்சின்தான் சேட்டு. தோலை எடுத்துக்கினு உங்க வீட்டுக்கு வருவேனா?" என்று சொல்லிச் சிரித்தார்.

சாவி கிடைத்தது. ஸ்டேஷன் வரைக்கும் நைனா, குழாயில் தண்ணீர் வருமா, ராத்திரியில் தெருவில் விளக்கு எரியுமா என்றுதான் கேட்டார். நானும் வருகிறது, எரிகிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அந்த ஏரியாவில் ரசிக்க எவ்வளவோ இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? மொட்டை மாடியில் நின்றால் கிரேன்களின் தலை தெரியும், கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நோன்பு மாசத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டிலிருந்து கேக் வரும். சேட்டம்மா அதை வாங்கி, நன்றி சொல்லி, முட்டை போட்டிருக்கும் என்று எனக்குக் கொடுத்துவிடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் மோரும் கஞ்சியும் மாடிக்கு ஏந்திக்கொண்டு வந்தவள் அவள். கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அந்தப் பை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தினமும் காலையில் அரிசி, பாதாம் பருப்பு, ஜபமாலை எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போவாள். சேட்டு கோயிலுக்குக் கிளம்பும்போது தோல் பட்டை என்று கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறவர். அவர் பக்கத்தில் இவள் என் நைனா வெட்டிய தோலைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொன்னால் வீடு போகும், வீடு போனால் வேலை போகும். அந்த அம்மாவின் சாமியைவிட எனக்கு என் சம்பளம் பெரிதாக இருந்தது. என்னைத் தோல்காரி என்று ஒதுக்கினார்களே என்று கொதித்தவள், எனக்கு வீடு கொடுத்தவர்களைத் தினம் தினம் ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நைனா அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு தடவை வந்து துறைமுகத்தைப் பார் என்று கூப்பிட்டால் ஓவர்டைம் என்பார், முட்டிவலி என்பார்.

இரண்டாவது வருஷம் பையின் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. உங்கப்பாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வா, அவர் கைராசி, இதை எடுத்துக்கொண்டு போன நாளெல்லாம் எனக்கு நல்லதுதான் நடக்கிறது என்றாள் சேட்டம்மா. எனக்குப் போன உயிர் வந்தது. இதை ஊரிலேயே விட்டுவிட்டு நிஜமான ரெக்சினில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் பாவம் தீர்ந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆம்பூருக்கு ரயிலேறினேன்.

நைனா டீ குடித்துக்கொண்டிருந்தார். பையை முன்னால் வைத்து, கைப்பிடி பிய்ந்துவிட்டது, சேட்டம்மா உன்னிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வரச் சொன்னார்கள் என்றேன். தினமும் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சந்தோஷப்படுவார் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ தெரியவில்லை. அவர் பையைத் தொடவே இல்லை.

"நான் தோல் வேலைக்காரன்ம்மா. இந்த ரெக்சின் எல்லாம் எனக்குத் தெரியாது. வேற யார்கிட்டயாவது குடு" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.