பியூஸ் இருக்க வேண்டிய இடம்

எங்கள் இரட்டைப் பெண் குழந்தைகள் குறை மாதத்தில் பிறந்தவர்கள். விழுப்புரத்தில் ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுத் திண்டிவனம் வீட்டுக்கு வந்தபோது, ஈரத்துணி உடம்பில் படவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மாடி வீட்டில் கொடி கட்டிய இடமெல்லாம் துணி. மூன்று நாள் தொங்கினாலும் ஓரங்களில் ஈரம் போகாது.

எங்களைக் காப்பாற்றியது துணி உலர்த்தும் டிரையர்தான். அது அண்ணியுடையது. என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குவைத்தில் நர்ஸாகப் பதினைந்து வருடம் இருந்தவர், திரும்பி வரும்போது கப்பலில் போட்டு அனுப்பிய சாமான்களில் அதுவும் ஒன்று. பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் துணையாக வந்தவர், அதையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மழை வலுத்த ஒரு காலையில் டிரம் சுற்றியது, சூடு வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டேன். அண்ணியின் முகம் மாறிவிட்டது.

"இப்ப வர்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக்கும்மா. இது இரும்பு. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு, ஜல்தியா முடிச்சிடுவாரு."

மெக்கானிக் வந்து டிரையரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். என் கணவர் வேலை பார்ப்பது முகையூரில். என்ன கோளாறு என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்ததால், மெக்கானிக் வேலை செய்யும்போது உள்பக்கத்தை நான்கைந்து போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். பார்ட் வர நாளாகும் என்றார் மெக்கானிக். "அண்ணே, இன்னைக்கே ஓடணும். குழந்தைங்களுக்குத் துணி இல்ல" என்று சொன்னது நான்தான். அரை மணி நேரத்தில் ஓடியது. முன்பைவிட நல்ல சூடு.

இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு கோடு பார்த்தேன். மூக்கருகே வைத்தால் இஸ்திரிப்பெட்டி பட்டுக் கருகிய வாசனை. அண்ணியிடம் காட்டினேன்.

"அது பழைய கறைடி. நீ தூங்காம எல்லாத்துக்கும் பயந்துகினு கிடக்கற."

இருக்கலாம். அப்போது எனக்கு எல்லாமே பயமாகத்தான் இருந்தது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் டிரையர் ஓடும் நேரமெல்லாம் அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம், எடை ஏறாத சின்னவளை மட்டும் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போனேன். பெரியவள் அண்ணியிடம் இருந்தாள். எடை கூடியிருந்தது. அந்தத் தைரியத்தில், பஸ் ஏறுமுன் மெஷின் ரிப்பேர் கடை ஒன்றில் நுழைந்து போட்டோக்களைக் காட்டினேன். இதையே வைத்துக்கொள்ளலாமா, மாற்றிவிடலாமா என்று மட்டும்தான் கேட்க நினைத்தேன். கடைக்காரர் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இங்க ரெண்டு ஒயர முறுக்கி டேப் சுத்தியிருக்கு பாருங்க. இது பியூஸ் இருக்க வேண்டிய இடம் மேடம். சூடு அளவு மீறினா அதுதான் கரண்ட கட் பண்ணும். அத எடுத்துட்டு டைரக்ட் குடுத்திருக்காங்க."

"அப்படின்னா?"

"சூடு ஏறினா நிக்காது. உள்ள பஞ்சுத் தூசி வேற. இப்ப ஓடலையே?"

அப்போது மணி பதினொன்று. அண்ணி துணி போடும் நேரம்.

போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் அன்று பௌர்ணமி என்று காலையிலேயே திருவக்கரை கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து பதினேழு தடவை கூப்பிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றபோது எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. நான் இறுக்கிப் பிடித்ததில் மடியில் இருந்தவள் அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மா குழந்தைக்குப் பசி என்றார்கள். முந்தானையால் மறைத்துப் பால் கொடுத்தேன். அவள் குடிக்கக் குடிக்க, வீட்டில் இருப்பவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் ஆட்டோ திரும்பியபோதே மாடிப்படி தெரிந்தது. நடுப்படியில், சாரல் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பொக வந்துதும்மா. பிளக்க பிடுங்கிட்டு இவள தூக்கிகினு வந்துட்டேன். போன் உள்ளதான் அடிச்சிகினே இருந்துது. திரும்பிப் போக காலு வரல."

தீக்காய வார்டில் எல்லாம் வேலை பார்த்தவர் அவர். பெரியவளை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, பெரியவளின் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தேன். உள்ளே போய் டிரையரின் கதவைத் திறந்தேன். டிரம்முக்குள் துணிகள் பாதி கருகிக் கிடந்தன. அண்ணி பின்னால் வந்து நின்று, "நீ அன்னைக்கே காட்டின. நான்தான் கறைன்னு சொன்னேன்" என்றார்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்துக் கேட்டபோது, "நீங்கதானே அவசரம்னீங்க" என்றார். அது பொய்யில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை விழுப்புரம் கடைக்காரர் வந்து பார்த்தார். மோட்டார் நன்றாக இருக்கிறது, சரியான பியூஸ் போட்டு, தூசியெல்லாம் எடுத்துவிட்டால் இன்னும் ஐந்து வருடம் தாராளமாக ஓட்டலாம் என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன். முகையூரிலிருந்து வந்திருந்த என் கணவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. இத வெச்சிகினு இருக்கப்போறது நீதான்."

"வேணாம் அண்ணி" என்றேன். "சரியாப் பண்ணாலும் என்னால இத ஓடவிட்டுட்டு அந்தாண்ட போக முடியாது."

அவர் தலையாட்டினார். பழைய சாமான்காரர் வந்து தூக்கிப் போகும் முன், அண்ணி ஒரு துணியை நனைத்து டிரையரின் மேல்பக்கத்தையும் கதவையும் துடைத்தார்.

புதிய டிரையர் சின்னது, சத்தம் குறைவு. முதல் நாள் நாற்பது நிமிடமும் நானும் அண்ணியும் ஆளுக்கொரு குழந்தையுடன் அதன் எதிரிலேயே நின்றோம். துணி வெதுவெதுப்பாக வந்தது. இப்போது குழந்தைகள் தவழ்கிறார்கள். டிரையர் ஓடும்போது அதை விட்டுவிட்டு நான் இன்னும் குளிக்கக்கூடப் போவதில்லை.