ஜெனரலின் நெற்றியில் குங்குமம்

சுவிஸில், பீல் நகரில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன். எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம். காம்பில் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். அடிபாடு மட்டும் வேண்டாம். பொலிஸ் வந்து பெயரைப் பதிந்தால் கேஸ் முடிந்தது, விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். நான் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன்.

தொட்டிக்கு மேலே சுவரில் இரண்டு படம் ஒட்டினேன். ஒன்று பிள்ளையார். மற்றது பிரிட்டிஷ் ஜெனரல் ஒருவர். ஒடுங்கின முகம், கறுப்புத் தொப்பி, அதில் இரண்டு சின்னம். இரண்டு பேருக்கும் நெற்றியில் குங்குமம். எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்பா சாமிப் படங்களின் வரிசையில் அவரையும் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குப் பொட்டு வைத்தால் ஜெனரலுக்கும் வைப்பார்.

உலக யுத்தத்தில் அப்பா அந்த ஜெனரலின் படைக்கு லொறி ஓட்டினவர். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில். பீரங்கிக் குண்டு ஏற்றுகிற லொறி. ஒருநாள் ஜெனரல் வந்து இறங்கிச் சாரதிகளுக்குச் சிகரெட் பெட்டி கொடுத்தாராம். தான் சிகரெட்டும் குடிக்கமாட்டார், சாராயமும் தொடமாட்டார். அப்பா அந்தப் பெட்டியை உடைக்கவே இல்லை.

"மனிசன் தன்ர ஆக்களை வீணாச் சாகவிடான். முதல் குண்டு அடிப்பான், பிறகுதான் ஆளை அனுப்புவான்" என்பார்.

குண்டு விழுந்த பக்கத்தைப் பற்றிக் கதைக்கமாட்டார். ஒருதரம் மட்டும் சொன்னார். கருகிக் கிடந்தவர்களின் மேலால் லொறியை விட வேண்டி வந்ததாம். சில்லு ஏறி இறங்கினது கையில் தெரிந்ததாம். பீரங்கிச் சத்தத்தில் இடது காது செவிடாகிவிட்டது. வலதும் பாதிதான்.

அந்தக் காதுதான் அவரைக் கொன்றது. நான் ஊரில் நின்ற கடைசி வருடம் இலங்கை ஆமி எங்கள் வீட்டு வளவுக்குள் வந்தது. நில், கையைத் தூக்கு என்று கத்தினார்கள். அப்பாவுக்குக் கேட்கவில்லை. உடுப்பைக் கண்டு, தானும் ஆமியில் இருந்தவன் என்று காட்ட, ஜெனரலின் படத்தைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். முன்னுக்கு வந்தவன் துவக்குப் பிடியால் அடித்தான். படத்தின் கண்ணாடி உடைந்து கண்ணுக்குள் போனது. விழுந்த பிறகும் அடித்தார்கள். மண்டை ஓடு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் படுத்திருந்தேன். எழும்பவில்லை.

மூன்றாம் நாள் செத்தார். படத்தின் கீழ்மூலையில் அவருடைய இரத்தம் காய்ந்து கிடந்தது. அந்தப் படத்தைத்தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

சமையல்காரர் இத்தாலிக்காரர். அறுபது தாண்டியவர். இடது கையில் மூன்று விரல் இல்லை. படத்தை முதல் நாள் கண்டவுடன் கிட்டப் போய்ப் பார்த்தார். சுட்டுவிரலை ஜெனரலின் பொட்டில் வைத்து, "பும்" என்றார். சிரித்தார். என் முதுகில் தட்டினார். பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் சாப்பாட்டுக் கோப்பையில் பெரிய இறைச்சித் துண்டு விழுந்தது. ஒவ்வொரு காலையும் விரலால் ஒருதரம் சுட்டுவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவார்.

மரக்கறி வெட்டுகிற அண்ணை எங்கட ஊர்ப் பக்கத்து ஆள். இத்தாலியில் பல காலம் நின்று அந்தப் பாஷை பிடித்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை குங்குமம் மடித்த கடதாசிச் சரையை அவிழ்த்து இரண்டு படத்துக்கும் புதுப் பொட்டு வைத்தேன். சமையல்காரர் பார்த்துக்கொண்டு நின்று அண்ணையிடம் ஏதோ கேட்டார். அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னவாம் அண்ணை?"

"செத்தவனை ஏன் திரும்பவும் சுடுறான் எண்டு கேக்கிறார். உன்ர பொட்டை வெடி பட்ட காயம் எண்டு நினைச்சிருக்கிறாரடா! இவ்வளவு நாளும் இறைச்சி வந்தது அதுக்குத்தான்."

"அது சாமிக்கு வைக்கிறது எண்டு சொல்லுங்கோ."

"சொல்லட்டோ? இறைச்சி நிண்டுபோம்."

"பரவாயில்லை. அப்பா இந்த ஜெனரலின்ர படையில இருந்தவர் எண்டும் சொல்லுங்கோ."

அந்த யுத்தத்தில் வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே பக்கம் என்று நினைத்திருந்தேன். எங்கட ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அண்ணை சொல்லி முடிக்கவில்லை, இரும்பு அகப்பை என் முகத்தில் விழுந்தது. இரண்டாம் அடியில் உதடு பிளந்தது. பல் ஒன்று தொட்டிக்குள் போனது. கேஸை நினைத்தேன். கையைத் தூக்கவில்லை. கிழவர் விரல் இல்லாத கையை என் கண்ணுக்கு முன்னால் நீட்டிக் கத்தினார்.

"பாலைவனத்தில அந்த ஜெனரலின்ர குண்டிலதான் விரல் போனதாம்!" அண்ணை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "பக்கத்தில நிண்ட தம்பிக்காரனைத் துண்டு துண்டாப் பொறுக்கித்தான் மண்ணுக்க தாட்டதாம்! நீ பேசாம நில்லடா, கையை நீட்டாத!"

நின்றேன். கிழவர் படத்தைப் பிடித்து இழுத்தார். முகம் சுவரில் நின்றது. கீழ்ப்பாதி அவர் கையோடு வந்தது. இரத்தம் காய்ந்த மூலை அதில்தான் இருந்தது. அதை நெருப்பில் போடத் திரும்பினார்.

தொட்டிக்குள் கிடந்த பொரிக்கிற தாச்சி என் கைக்கு வந்தது. அடித்தேன். காதுக்கு மேலே பட்டது. அப்பாவின் தலையில் கேட்ட அதே சத்தம். கிழவர் தரையில் விழுந்தார். இன்னொரு தரம் ஓங்கினேன். அண்ணை பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"விசரா! செத்துப்போவானடா!"

குனிந்து கிழவரின் கையிலிருந்து துண்டை எடுத்தேன்.

"இது அப்பாவின்ர ரத்தம். இந்தப் படத்தோட வந்தவரைத்தான் ஆமி அடிச்சுக் கொன்றது. நான் ஒளிச்சிருந்து பாத்தனான். சொல்லுங்கோ அண்ணை."

அதுவரை ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு கிழவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னார்.

முதலாளி ஓடி வந்தார். தரையில் இரத்தம், என் வாயில் இரத்தம். பொலிஸுக்கு அடிக்கப் போனைத் தூக்கினார். முடிந்தது என்று நினைத்தேன். தாச்சியைக் கழுவி அதன் இடத்தில் கொழுவினேன்.

கிழவர் துவாயைத் தலையில் அமத்திக்கொண்டு எழும்பி இருந்தார். ஈரத் தரையைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னார்.

"வழுக்கி விழுந்ததாம்," அண்ணை என் காதுக்குள் சொன்னார். "விழேக்க கை பட்டுத்தானாம் உன்ர வாய் உடைஞ்சது."

முதலாளி நம்பவில்லை. ஆனால் போனை வைத்தார்.

தையல் போட்ட தலையோடு ஒரு கிழமையில் கிழவர் வேலைக்கு வந்தார். சுவரை விரலால் சுடாமலே அடுப்பை மூட்டினார். நான் சுவரில் நின்ற முகத்தைக் கிழியாமல் உரித்து அவரிடம் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார். அண்ணையிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுப்புக்குள் போட்டார்.

"என்னவாம்?"

"இந்த ஜெனரல் வயது போய், தன்ர வீட்டில, கட்டிலில கிடந்து செத்தவராம்."

அப்பா அதைச் சொன்னதில்லை. தெரியாமல் இருந்திருக்கும்.

மூன்று வருடம் கழித்து, நான் சுவிஸில் இருக்கலாம் என்று கடிதம் வந்தது. கீழ்மூலை என்னிடம் இருக்கிறது. பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அதற்குத்தான் பொட்டு.