உதுமாலெப்பை தலையில் மாட்டிய திரை

"செக்குமாட்டுக்குக் கண்ணக் கட்டின மாதிரி இரிக்கீங்க காக்கா. நீங்க மட்டும் பாத்தா, என்ட மகள்ட பேரு சரியா விழுந்திச்சா எண்டு நான் எப்பிடிப் பாக்குற?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் மீராசாய்பு.

அச்சுக்கடைக்காரர் உதுமாலெப்பை கண்களை மூடித் தலையில் மாட்டியிருந்த கருவிக்குள் கல்யாணக் கார்டின் எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. கம்ப்யூட்டர் திரைக்குப் பதிலாக மகன் ஜப்பானிலிருந்து அனுப்பியது. மனைவி மௌத்தாகித் தனியாளான பிறகு, பக்கத்தில் நின்று திரையில் விரல் வைத்துப் பிழை பிடிக்கிறவர்கள்தாம் அவருக்குப் பேச்சுத்துணை. அவர் கார்டை வாய்விட்டு வாசித்துக் காட்டினார்.

"அடிச்சி வைங்க, பொறகு வாறன்" என்ற மீராசாய்புவின் குரல் வாசலிலிருந்து வந்தது. கருவியைக் கழற்றிப் பார்த்தபோது கடையில் யாருமில்லை.

மறுநாள் பழைய திரையை மேசையில் ஏற்றி, வருகிறவர்களுக்குத் தெரியும்படி வாசற்பக்கம் திருப்பி வைத்தார். நண்பகல் லுஹர் தொழுகை வரை எவரும் வரவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மீராசாய்பு வந்து, திரையின் பக்கம் திரும்பாமலே அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு போனார்.