மூன்று நாள் காட்டுக்கு எடுத்துவைத்த மாத்திரைகள்

காட்டுப் பயணத்துக்கு கைடு அனுப்பிய படிவத்தில் பதினோராவது கேள்வி, இதய நோய் உண்டா என்பது. ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற என் கணவர், "இல்லன்னு போடு" என்றார்.

எட்டு மாதத்துக்கு முன்புதான் அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். அதன் பிறகு கம்பெனி அவரை ஆபீசில் உட்காரவைத்துவிட்டது. "தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இந்த மனிதர் தாமான் நெகாரா காடு வரைக்கும் நடக்கக் கிளம்பிவிட்டார். மூன்று பகல், இரண்டு இரவு, முதுகில் பை, காட்டுக்குள் கூடாரம். அவரோடு போவது அவருடைய பழைய லோரிக் கூட்டாளியும் அவர் மனைவியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார்கள்.

கூட்டாளி போனில் ஸ்பீக்கரில் இருந்தார். "உண்மைய எழுதினா கைடு வேணாம்னுடுவான் லா, அக்கா. அண்ணன் ஸ்ட்ராங்கா இருக்காரு. நான் பார்த்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வார்? நெஞ்சுக்குள் போய்ப் பார்ப்பாரா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாரடைப்புக்குப் பிறகு இவர் முகத்தில் களை வந்ததே இந்தப் பயணப் பேச்சு தொடங்கியதும்தான். 'இல்லை' கட்டத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். கோபம் வந்தால் நான் பேச மாட்டேன், என் பாத்திரங்கள் பேசும். அன்று சிங்க்கில் அவை நிறையவே பேசின.

அடுத்த ஞாயிறு பயிற்சி என்று பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஆட்களுக்கு உடம்பைச் சோதிக்க வேறு இடம் தெரியாது. பத்து கிலோ அரிசி மூட்டையைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, "காவடி எடுத்த தோளு இது" என்றபடி இருநூற்று எழுபத்திரண்டு படியையும் ஏறினார். நான் ஐந்து படி பின்னால், அவசர எண்ணை அழுத்திவைத்த போனோடு ஏறினேன். பச்சை பட்டனை மட்டும் தொடவில்லை. குரங்கு ஒன்று என் தண்ணீர் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை, அவருடைய சட்டையின் முதுகுப்புறம் ஏறி இறங்குகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே சந்நிதியில் வேண்டிக்கொண்டார். பயணம் நல்லபடியாக முடியும்வரை விரதம். அந்த வாரம் வியாழக்கிழமையே மாலை போட்டுக்கொண்டார். பெரிய காரியம் எதற்கும் நாங்கள் இப்படித்தான். கடலைத் தாண்டினாலும் காட்டுக்குள் போனாலும் முதலில் விரதம். மத்தியானம் ஒருவேளை சைவச் சாப்பாடு, காலையும் இரவும் வெறும் தண்ணீர், படுக்கை பாயில். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாரத்தை முருகன் தலையில் இறக்கி வைத்துவிட்டு, பதினான்கு நாளும் அந்த ஒருவேளைச் சாப்பாட்டை நானே பார்த்துப் பார்த்துச் சமைத்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்புவதாக ஏற்பாடு. மாலை போட்டு இரண்டு வாரம் ஆன வியாழக்கிழமை சாயங்காலம் பைகளைக் கட்டினேன். கூடாரம், அட்டைப்பூச்சிக்கு உப்பு, தீப்பெட்டி, தேவையே இல்லாமல் அவர் திணித்த ஒரு கிலோ ரசப்பொடி. கடைசியாக மருந்து டப்பா. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஸ்டென்ட் வைத்த அன்று டாக்டர் விரலை நீட்டிச் சொன்னது அந்த ஒரு மாத்திரையைப் பற்றித்தான்: ஒரு வேளை விட்டாலும் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

மூன்று நாளுக்கு ஆறு மாத்திரை எடுத்துவைத்தேன். மாத்திரை அட்டையில் இன்னும் நிறைய இருந்தது. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். இருக்க வேண்டியதைவிடப் பதினான்கு அதிகமாக இருந்தது.

ஹாலில் கூடாரத்து ஆணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் அட்டையை நீட்டினேன். "இது ஏன் இவ்ளோ மிஞ்சியிருக்கு?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு கவர்ல எழுதியிருக்குல்ல. ஒருவேளதானே சாப்புடுறேன். அதான் ஒண்ணு."

திருட்டு முழி எதுவும் இல்லை. கணக்குச் சரியாகப் போட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்தார். போகிற இடத்தில் ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் விரதம். அந்த விரதம்தான் பதினான்கு நாளாக மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறது. அந்த நெஞ்சோடு அவரைக் காட்டுக்குள் அனுப்பப் பார்த்தேனே.

கைடுக்குப் போன் போட்டேன். "ஏய், என்ன பண்ற?" என்று அவர் எழுந்து வருவதற்குள் எல்லாவற்றையும் மலாயில் கொட்டிவிட்டேன். கட்டத்தில் நான் போட்டது பொய் என்பதையும் சொன்னேன். அந்த மலாய்க்காரர் திட்டவில்லை. "அக்கா, அங்க கூடாரம் போடுற இடத்துலருந்து ஒரு ஆளைத் தூக்கிட்டு வர எனக்கு அரை நாள் ஆகும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இரவு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் படுத்தார். இருந்தும் நான் நீட்டிய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையிலேயே டாக்டரைப் பார்த்தோம். "மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்களா?" என்று அவர் கேட்க, இவர் தலையாட்ட, நான் அட்டையை மேசைமேல் வைத்தேன். டாக்டர் அட்டையில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்தார். மாத்திரைக்குச் சாப்பாடே தேவையில்லை, வெறும் தண்ணீரில் போடலாம் என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். தப்பித்தது அதிர்ஷ்டம், காடு ஒரு வருஷத்துக்குக் கிடையாது என்று முடித்தார்கள்.

கீழே கேன்டீனில் இடியாப்பம் வாங்கி அவர் முன்னால் தள்ளினேன். மாலையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்புடுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. நாந்தான் கோவிச்சுக்குவேன்."

"எனக்குக் காடு ஒண்ணும் பெருசில்ல லா" என்றார், தட்டைப் பார்த்தபடியே. "நீ ராத்திரி என் மூக்குக்கிட்ட விரல வச்சு மூச்சு வருதான்னு பாக்குற. எட்டு மாசமா பாக்குற. மூணு நாள் காட்டுல நடந்து காட்டிட்டா, அத விட்டுட்டு நீ நிம்மதியா தூங்குவேன்னு நெனச்சேன்."

அவர் அயர்ந்து தூங்குகிறார் என்றல்லவா ஒவ்வொரு இரவும் விரலை வைத்தேன். கேன்டீன் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் இடியாப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, காலை மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்கினார்.

கூட்டாளியும் அவர் மனைவியும் எங்கள் கூடாரத்தை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போய் வந்தார்கள். நான் இன்னும் விரலை வைத்துத்தான் பார்க்கிறேன். அவர் இன்னும் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்.