அக்கா கேட்ட டிரா

சாலையை அகலப்படுத்தக் கள்ளக்குறிச்சியில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து ஜன்னலில் பச்சை மரத்தின் வாசனை ஏறியதும் இடஒதுக்கீட்டுப் போராட்டக் காலம் நினைவுக்கு வந்தது. அப்போதும் மறியலுக்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் சாலையெங்கும் கிடந்தன. எனக்குப் பத்து வயது.

கலா அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு, அஞ்சலட்டையில் காய் நகர்த்தலை எண்களாக எழுதியனுப்பி செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். எதிராளி மெட்ராஸில் வங்கி அதிகாரி, பெரிய ரேட்டிங் உள்ளவர். அக்காவுக்கு ரேட்டிங்கே கிடையாது. ஆனாலும் ஒரு யானை அதிகமாக வைத்திருந்தாள்.

மரம் வெட்டியவர்களைத் தேடி எங்கள் தெருவுக்குள் போலீஸ் நுழைந்தது. அட்டைகளைப் பார்த்த ஏட்டு, "இன்னா நம்பரு இதெல்லாம்? ரகசியமா?" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அக்கா ஓடிவந்து செஸ் பலகையைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

அவர்கள் போனதும் அப்பா அக்காவிடம் திரும்பினார்.

"இனிமே ஒரு கார்டு இந்த வூட்டுக்கு வரக்கூடாது. தோத்துட்டேன்னு எழுதிப் போடு."

"நான் ஜெயிச்சிக்கினு இருக்கேம்பா."

அப்பா இறங்கிவரவில்லை. தோல்வி என்று எழுத மனம் வராமல், 'டிரா செய்துகொள்ளலாமா?' என்று அக்கா எழுதினாள்.

மறியலில் நின்றுபோன தபால் மறுபடி ஓடத் தொடங்கியதும் பதில் வந்தது: 'சம்மதம்.'

"ஜெயிக்கிறவ ஏன் டிரா கேக்குறான்னு ஒரு வார்த்த கேக்கல, பாத்தியாடி" என்றாள் என்னிடம்.

அப்பாவுக்கு இப்போது எண்பது வயது. போன பொங்கலன்று பேரப்பிள்ளைகளிடம், "மெட்ராஸ்ல எம்மாம் பெரிய ஆட்டக்காரரு! அவருகிட்டயே டிரா பண்ணா எம்பொண்ணு" என்று பெருமையடித்தார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அது அக்கா ஜெயிக்க வேண்டிய ஆட்டம்பா" என்றேன்.

"அப்படியா? அவ சொல்லவே இல்லியே" என்றார் அப்பா.