பழனியப்பன் பேரில் வந்த சம்பளச் சீட்டு

மலாயாவின் கிள்ளானில் ரப்பர் ஏற்றுமதி செய்துவந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் நாகையா பத்து வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தார். ஆனால் நாகையா என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கு அவர் பழனியப்பன்.

பழனியப்பன் அவருடைய அண்ணன். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். வேலைக்கு மனுப் போட்டவர் அண்ணன்தான். வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபோது அவரைப் புதைத்து நாலு நாள் ஆகியிருந்தது. காய்ச்சல்தான். சாப்பாட்டுக்கே வழியில்லாத நாகையா அந்தக் கடிதத்தோடு போய் நின்றார். "பழனியப்பனா?" என்று துரை கேட்டார். நாகையா தலையாட்டினார். அவ்வளவுதான். பிறகு கல்யாணம் ஆனபோது மனைவி நல்லம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

1918-ல், ஐரோப்பாவில் சண்டை இன்னும் ஓயாத நேரம். யுத்த வரிக்காக மாதச் சம்பளக்காரர்கள் எல்லோரும் வருமானத்தைப் படிவத்தில் எழுதி, சம்பளச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். சீட்டு சிங்கப்பூர் ஆபீசிலிருந்து வர வேண்டும். கெடு முடிய ஒரு வாரமே இருந்தது, சீட்டைக் காணோம். மற்றவர்கள் தினமும் தபாலைக் கேட்டு அலுத்துக்கொண்டார்கள். நாகையா மட்டும் கேட்கவில்லை. அது வராமலே போனால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டில் படிவத்தை விரித்து, மனைவி பெயர் என்ற இடத்தில் நல்லம்மாள் என்று எழுதினார். பிறகு மேலே தன் பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்தார். பேனா நகரவில்லை. கல்யாணமே ஆகாமல் செத்துப்போன அண்ணனுக்குத் தன் மனைவியை மனைவியாக எழுதிக் கொடுப்பதா? அதற்குக் கீழே, எழுதியதெல்லாம் சத்தியம் என்று கையெழுத்து வேறு.

சீட்டு வந்தது. பழனியப்பன் என்று தட்டச்சில் அடித்திருந்தது. நாகையா அதை எடுத்துக்கொண்டு பெரிய கிராணி தம்புசாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

தம்புசாமி எழுந்து கதவைச் சாத்தினார். "உன் சம்பளத்துக்கு ஒரு காசு வரி கிடையாது. கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு. யாரு வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க அண்ணே. என்னாலதான் எழுத முடியல."

"புள்ளகுட்டிக்காரன்டா நீ."

"அதுங்களும் அவரு புள்ளைங்கன்னு எழுதணுமே."

நாகையா துரையிடமே சொல்லிவிடக் கிளம்பினார். தம்புசாமியும் துரையின் அறை வரைக்கும் கூடவே வந்தார்.

துரை கத்தவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நாகையா தன் சொந்தப் பெயரில் படிவத்தை நிரப்பினார். சீட்டில் ஏன் வேறு பெயர் இருக்கிறது என்று தனித்தாளில் விவரமாக எழுதி, அதையும் வைத்து அனுப்பினார். போலீஸ் வரும் என்று ஐந்து வாரம் காத்திருந்தார். யாரும் வரவில்லை.

கடைசியில் கம்பெனியின் முடிவு வந்தது. பழனியப்பன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நாகையா விரும்பினால் புது ஆளாக, ஆரம்பச் சம்பளத்தில் சேர்ந்துகொள்ளலாம். பத்து வருஷச் சேவை கணக்கில் வராது.

நல்லம்மாள் கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "சேந்துக்குங்க" என்றாள். "வீட்ட மாத்திக்கலாம்."

அந்த மாதமே ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். பெரியவளின் பள்ளிக்கூடம் நின்றது. அதை நாகையாவால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நல்லம்மாள் ஒரே ஒரு தரம், மழை ஒழுகிய ஒரு நாளில், "பேசாம எழுதியிருக்கலாம்ல" என்றாள். சொன்ன வாய் மூடுமுன் அழுதுவிட்டாள்.

அந்த வருஷம் அண்ணன் இறந்த நாளுக்கு நாகையா முதல் தடவையாக லீவு கேட்டார். காரணம் என்ற இடத்தில், "அண்ணன் பழனியப்பனுக்குத் திதி" என்று எழுதினார். தம்புசாமி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆற்றங்கரைக்கு அவரும் வந்து, ஓரமாக நின்றார்.