வெட்டும் சூடும்

அழகரத்தினத்தாரைக் கண்டு வாவியில் மீன்கூட ஒதுங்காது, அவ்வளவு சாது என்று ஊர் சொல்லும். ஐம்பத்தாறு வருடம் காப்பாற்றிய அந்தப் பெயரை ஒரு வளையம் ஒரே பகலில் கவிழ்த்தது.

வன்முறையை ஒழிக்கவென்று போன மாதம் எல்லோர் வலக்கையிலும் பூட்டிய வளையம் அது. பேச்சைக் கேட்கும், நாடியைப் பார்க்கும். கொலை நினைப்பென்று கண்டால் கையை மரக்கட்டையாக்கிவிடும்.

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. விளைந்த வயல்வட்டை சேறாகக் கிடந்ததால் அறுவடை மெசின் இறங்காது. அழகரத்தினம் வரம்பில் நின்று வேலையாட்களுக்குப் போன் எடுத்தார்.

"கத்தியளோட கெதியா வாங்கடா. இண்டைக்கே வெட்டு. மறுகா சூடு வைப்பம்!"

நெல் அறுப்பதையும் பிறகு கதிரைக் குவிப்பதையும் தவிர அதில் வேறொன்றுமில்லை. வளையமோ பட்டணத்தில் தமிழ் படித்தது. சூடு என்றால் அதற்குத் துப்பாக்கி.

கை விறைத்தது. வளையம் போட்ட அலறலில், வந்துகொண்டிருந்த வேலையாட்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

"யாரை வெட்டப் போகிறீர்கள்?" என்றது அதன் பெண்குரல்.

"நெல்லைத்தான், அம்மா!"

"உங்கள் பகையாளி நேரில் வந்து பயமில்லை என்று சொன்னால், திறப்பதைப் பற்றி யோசிக்கலாம்."

பகையாளி என்று ஒரே ஆள்தான். பக்கத்து வயல்காரர், மனைவியின் அண்ணன் கனகசிங்கம். அவர் வரம்பை ஒரு முழம் தள்ளிக் கட்டிய நாள்முதல் ஏழு வருடமாகப் பேச்சில்லை. முதல் துளி மூக்கில் விழுந்ததும் அழகரத்தினம் மானத்தை விழுங்கிப் பக்கத்து வயலைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான்! ஒருக்கா வந்து சொல்லன்!"

கனகசிங்கம் கத்தியும் கையுமாக வந்தார். "ஏழு வருசத்துக்குப் பிறகு வாயத் திறந்ததும் வெட்டுறதுக்கோ?" என்றவர், வளையத்திடம் குனிந்தார். "இந்த ஆளுக்கு எனக்கென்ன பயம்?"

வளையம் விடவில்லை. "இவரை வெட்ட நினைத்ததுண்டா?"

இல்லை என்று சொல்ல அழகரத்தினத்தின் நாக்கு எழுந்தது. நாடி காட்டிக்கொடுக்குமே!

"ஓம்," என்றார் நிலத்தைப் பார்த்து. "வரம்பு கட்டின அண்டைக்கு. கத்தியத் தீட்டி, உன்ட வீட்டுப் படலையடி மட்டும் வந்தன். ஏன் திரும்பினன் எண்டு இண்டைக்கும் தெரியா."

கனகசிங்கம் மெல்ல நிமிர்ந்தார்.

"அண்டைக்குப் படலைக்கு உள்ளுக்க நான் மண்வெட்டியோட நிண்டனான்டா."

சொல்லி வாய் மூடுமுன் அவர் வளையமும் இறுகியது. கத்தி சேற்றில் விழுந்தது.

தூறல் பலத்தது. விறைத்த இரண்டு வலக்கைகளும் ஒன்றையொன்று பார்த்து நின்றன.

"இடக்கை கிடக்குத்தானே," என்றார் கனகசிங்கம், கத்தியை எடுத்து. "நீ பிடி. நான் வெட்டுறன்."

அழகரத்தினம் நெல் தாளை இடக்கையால் கொத்தாகப் பிடித்தார். பழக்கமில்லாத கையிலிருந்த கத்தி அவர் விரலுக்கு ஒரு நெல்மணி தள்ளி இறங்கியது.

"மெல்லமா, மச்சான்."

"கதையாமப் பிடி."

அவர் அடுத்த கொத்தைப் பிடித்தார்.